முப்பத்துமூன்றாவது புளியங்கொட்டை

போன கிழமை ஸுஹைறாவைக் கிணற்றடியில், கையில் ஒற்றைப் புளியங்கொட்டையோடு நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். பாவம் மனுசி, இன்னும் அதே கொட்டையோடுதான் நிற்கிறாள். கிணற்றைச் சுற்றி முப்பத்திரண்டு சுற்று முடிந்துவிட்டது. முப்பத்துமூன்றாவதுக்குக் காலை எடுத்து வைத்த நேரம்தான் மதிலுக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுச் சிபானாவின் மேல்மாடியில் இருந்து அந்த இருமல் கேட்டது.

இருமலிலும் வகை உண்டல்லவா? அது சளித் தடிமன் இருமல் இல்லை. 'நான் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்' என்கிற இருமல்.

ஸுஹைறா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கொட்டையைக் கைக்குள் பொத்தியபடி விறுவிறென்று குசினிக்குள் நுழைந்துவிட்டாள். மற்றக் கொட்டைகள் கிடந்த சிரட்டை கிணற்றடியிலேயே கிடந்தது. அந்தச் சிரட்டையை எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

புதிதாக வந்து உட்கார்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஸுஹைறாவுக்கு நாற்பத்தாறு வயது. கணவர் மீராசா சாகாமத்து வயலில் அறுவடை நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரம்பில் உட்கார்ந்தவர், பிறகு எழும்பவே இல்லை. இன்று தொண்ணூற்றேழாம் நாள். கணவன் மௌத்தானவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வாசலைத் தாண்டுவதில்லை, அந்நிய ஆண்களின் கண்ணில் படுவதில்லை. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிறது. இருக்கிற வீடும் இப்போது அவளுடையது அல்ல. இந்தப் பக்கத்து வழக்கப்படி மகள் அப்ராவின் கல்யாணத்தன்றே அவள் பேருக்கு எழுதியாயிற்று. மருமகன் றிஸ்கான் கட்டார் நாட்டில் வேலையில். அப்ராவுக்கு வயிற்றில் ஐந்து மாதம். போன வருசம் ஒன்று தங்காமல் போனதால் இந்த வீட்டில் யாரும் சத்தமாகக் கதவைக்கூடச் சாத்துவதில்லை.

ஆக, ஒரு தாயும் மகளும், நாலு சுவரும். வானம் தெரிகிற இடம் பின் வளவு மட்டும்தான். கிணறு, எலுமிச்சை காய்க்கிற ஒரு தேசி மரம், ஒரு முருங்கை, சுற்றி உயர்ந்த மதில்.

இத்தாவை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. மீராசாவுக்காக இருக்கிற இருப்பு அது. ஆனால் இருபத்தொன்பதாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் அள்ளப் போனவள், வாளியை விடாமல் கிணற்றுக் கட்டில் கையை ஊன்றிக் கீழே பார்த்துக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. குசினியில் சோறு அடிப்பிடித்த மணம்தான் அவளைத் திருப்பிக் கூப்பிட்டது.

அந்தப் பகலைப் பற்றி அறிந்தவள் உலகத்தில் ஒருத்திதான். அப்ராவைப் பார்க்க வருகிற குடும்பநல மிட்வைஃப், செசிலி மிஸ். நாற்பத்தோராம் நாள் வந்தவள், அப்ரா கிளினிக் கொப்பி எடுக்க அறைக்குள் போன இடைவெளியில் ஸுஹைறாவின் முகத்தைப் பார்த்து நேராகவே கேட்டுவிட்டாள்.

“அக்கா, இப்பிடியே போய்ச் சேந்திரலாம் எண்டு ஒரு நாளாவது நினைச்சீங்களா?”

யாரும் கேட்காத கேள்வி. ஸுஹைறா ஓம் என்று தலையாட்டிவிட்டாள்.

“ஆஸ்பத்திரியில மனசுக்குப் பாக்கிற டொக்டர் இரிக்கார். இத்தாவிலயும் வைத்தியத்துக்குப் போகலாம்தானே?”

“வேணாம் மிஸ். ஊருக்குள்ள தெரிஞ்சா புள்ளைக்குத்தான் கெட்ட பேரு.”

“சரி, இப்ப வேணாம் எண்டா வேணாம், நான் திரும்பவும் கேப்பன். அதுவரைக்கும் ரெண்டு சின்ன வேல செய்ங்க. விடியக்க வளவுக்குள்ள எண்ணி நடங்க. பிறகு ஒரு கொப்பியில ஒரேயொரு வரி எழுதுங்க, அண்டைக்குக் கண்டத. மனசு வந்தாத்தான் செய்வன் எண்டு நிக்கப்படாது. கால் முன்னால போகட்டும். மனசு பின்னால வரும். ஒரு நாளும் விடாதீங்க.”

அன்று தொடங்கியது. ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணியில் நடையை எண்ணுவது மரியாதையில்லை என்று பட்டதால், கறிக்குப் புளி கரைத்த கொட்டைகளைக் கழுவிக் காயவைத்தாள். தஸ்பீஹின் அதே முப்பத்துமூன்று கணக்கு. ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை, சிரட்டைக்குள் டொக். ஐம்பத்தாறு நாள். காய்ச்சல் அடித்த நாளும் விடவில்லை.

அந்தச் சிரட்டையைத்தான் இன்று காலை எட்டு மணிக்கு முஸ்பிறா கண்டெடுத்தாள்.

முஸ்பிறா மீராசாவின் மூத்த சகோதரி. சாய்ந்தமருதில் இருந்து ஓட்டோ பிடித்து வந்திறங்கியபோதே கையில் ஓதிய தண்ணீர்ப் போத்தலும் புதிய ஆமைப்பூட்டும் இருந்தன. மூன்று நாளாகச் சிபானா போன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது அதிலேயே தெரிந்தது. வந்தவள் ஸலாம் சொன்னாள், ஸுஹைறா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தாள், நேரே பின் வளவுக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் சிரட்டையைத் துணியால் பிடித்துக்கொண்டு, சுடுசட்டி தூக்குகிறவள் மாதிரித் திரும்பி வந்தாள்.

“யா அல்லாஹ்! அப்ரா, இஞ்ச ஓடி வா கா! கையால தொட்டிராத!”

அப்ரா ஒபிஸுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவள், சீப்பும் கையுமாக வந்தாள்.

“என்ன மாமி?”

“எண்ணு. தொடாம எண்ணு.”

அப்ரா குனிந்து எண்ணினாள். “முப்பத்திரண்டு.”

முஸ்பிறா நெஞ்சில் கையை வைத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். “முப்பத்திரண்டு. வெளங்குதா புள்ள? பல்லுக் கணக்கு. வாய்க்கட்டு! எவனோ சூனியம் செஞ்சு கிணத்தடியில வெச்சிட்டுப் போயிரிக்கான். அதான் இவள் மூணு மாசமா வாய் தொறக்கிறா இல்ல. அதான் விடியக்க எழும்பிப் பேய் மாதிரி கிணத்தச் சுத்துறாள்!”

முப்பத்துமூன்றாவது கொட்டை ஸுஹைறாவின் கைக்குள் இருந்தது. அதைக் காட்டியிருந்தால் பல்லுக் கணக்குப் பிழையாகியிருக்கும். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்ததும் வரும். கடைசிக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். கிணற்றுக் கட்டில்தான்.

“அது நான் எண்ணுற கொட்டை மதினி,” என்றாள் மெல்ல.

“என்னத்த எண்ணுற?”

“நடைய.”

“நடைய ஏன் கா எண்ணுற? ரேசுக்கா போற?”

ஸுஹைறா சுற்றுமுற்றும் பார்த்தாள். வாய்க்கு வந்த முதல் பொய்யைப் பிடித்தாள். “சீனி வருத்தத்துக்கு.”

“உனக்குச் சீனியா? இப்ப என்ட கண்ணுக்கு முன்னால உன்ட கோப்பைக்குள்ள மூணு கரண்டி அள்ளிப் போட்டியே, அது என்ன உப்பா?”

வேறு நாளாக இருந்தால் மூன்று பேரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். முஸ்பிறா சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

“ஸுஹைறா, நான் உன்னோட சண்டைக்கு வரல்ல. என்ட தம்பிய மண்ணுக்குக் குடுத்து மூணு மாசம்தான் ஆகுது. உன்னையும் குடுக்க எனக்கு ஏலாது. சிபானா சொல்றா, நீ கிணத்துக்குள்ள பாத்துப் பாத்துச் சுத்துறியாம். உண்மையச் சொல்லு, உனக்குள்ள என்ன இரிக்கு?”

கேட்டாளே! அந்தக் கேள்விக்குத்தான் ஸுஹைறா இரண்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்தாள். முஸ்பிறாவுக்குப் பின்னால் அப்ரா நின்றாள், ஒரு கை வயிற்றில். போன வருசம் அந்தப் பிள்ளை போனபோது அப்ரா ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்த கிடை ஸுஹைறாவின் கண்ணுக்குள் வந்தது. உம்மா சாக நினைத்தாள் என்று ஒரு ஐந்து மாத வயிற்றிடம் சொல்வதா?

“ஒண்டுமில்ல மதினி,” என்றாள்.

“பாத்தியா? வாய் வருதில்ல!” என்றாள் முஸ்பிறா, அப்ராவின் பக்கம் திரும்பி. “நான் இந்தச் சிரட்டையக் கொண்டுபோய் ஓதிப் பாக்கிறவருக்கிட்டக் காட்டுறன். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முதல் வந்திருவன். அதுவரைக்கும் பின் கதவு பூட்டு. அவர் என்ன சொன்னாலும் சரி, இத்தா முடியுமட்டும் இந்தக் கதவு தொறக்கப்படாது.”

“மதினி, அது மட்டும் வேணாம். மத்த எதையும் செய்ங்க.”

“ஏன் வேணாம்? கிணத்துல என்ன வேல உனக்கு?”

பாருங்கள், எப்படிப் போய் முட்டுகிறது. கதவு ஏன் வேண்டும் என்று சொன்னால் கதவு பூட்டப்படும். சொல்லாவிட்டாலும் பூட்டப்படும்.

ஸுஹைறா மகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரேயொரு வார்த்தை சொல்ல மாட்டாளா? வீடு அவளுடையதுதானே. அப்ரா தாயின் முகத்தைப் பார்க்காமல் மாமியின் கையில் இருந்த ஆமைப்பூட்டை வாங்கினாள். தானே போய்ப் பின் கதவில் கொழுவி அழுத்தினாள். பூட்டின் திறப்பை மாமியிடம் கொடுத்தாள். முஸ்பிறா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, சிரட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். சிரட்டை கையில் இருக்கும்வரை அவள் பிஸ்மில்லாஹ் சொல்வதை நிறுத்தவில்லை.

அப்ரா அன்று ஒபிஸுக்குப் போகவில்லை. “தலையிடிக்குது” என்று அறைக்குள் போனவள் வெளியே வரவே இல்லை.

ஹோலில் இருந்து குசினியின் பின் கதவு வரைக்கும் பதினொரு அடி. ஸுஹைறா இதை அன்றுதான் அறிந்தாள். பதினொரு அடி நடந்தால் பூட்டு. திரும்பிப் பதினொரு அடி நடந்தால் றோட்டுப் பக்கத்து யன்னல், திரை இழுத்து மூடியது. இடையில் செற்றிக் கதிரை, பிரிட்ஜ், மீராசாவின் மழைக்கோட்டு தொங்குகிற ஆணி. ஒன்பதாவது தடவை திரும்பியபோது தலை சுற்றியது. வெளியே மீன்காரனின் ஹோர்ன், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல், சிபானா வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம். எல்லாருக்கும் ஒரு நாள் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் நடக்க இடமில்லை.

பூட்டிய கதவின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெயில் உள்ளே வந்திருந்தது. ஸுஹைறா செருப்பைக் கழற்றிவிட்டு, கால்விரல்களை அந்த வெயிலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

அப்போதுதான் அது வந்தது. வாரக்கணக்காக இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத அந்தப் பழைய நினைப்பு, நெடுநாள் பழகிய விருந்தாளி மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 'என்ன ஸுஹைறா, சுகமா?' என்று கேட்கிறாற்போல் இருந்தது அவளுக்கு.

அவள் பயந்துபோனாள். நடையும் கொப்பியும் ஒரு பெரிய மருந்து என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை, ஏதோ மிஸ் சொன்னாள் என்று செய்தாள். ஒரு காலை அது பாதியில் அறுந்த பிறகுதான் அது எவ்வளவு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று விளங்கியது.

அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த, தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியை எடுத்தாள். இன்றைக்கான ஒரு வரி இன்னும் பாக்கி. கண்டது என்ன? கிளி இல்லை, தேசிப்பூ இல்லை, மேகம் இல்லை. பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரே சொல் எழுதினாள்.

பூட்டு.

லுஹர் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டுகையில் அப்ரா சோற்றுக் கோப்பையோடு வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

“உம்மா, சாப்பிடுங்க.”

“நீ தின்னியா?”

“நீங்க தின்னுங்க முதல்ல.” கோப்பையை மேசையில் வைத்தாள். பிறகு கோபம் மாதிரி, அழுகை மாதிரி ஒரேயடியாகக் கொட்டினாள். “எனக்கிட்டச் சொல்லாம விடியக்க விடியக்க அங்க போறீங்க. நான் யன்னலால பாத்துக்கிட்டுத்தான் கிடக்கன். ஒவ்வொரு நாளும் நீங்க திரும்பி உள்ளுக்கு வாற வரைக்கும் எனக்கு மூச்சு வாறல்ல. நான் என்ன செய்ற? பூட்டாம என்ன செய்ற சொல்லுங்க!”

ஸுஹைறா மகளை நிமிர்ந்து பார்த்தாள். அப்படியானால் இவளுக்கு இதுவரை ஒன்றும் தெரியாமல் இல்லை. தெரிந்ததெல்லாம் பாதி. பாதி தெரிந்தவள் மீதியை இருட்டில் தானாக நினைத்து நினைத்துச் சாகிறாள். உண்மை அதைவிடக் கொடியதா என்ன?

பொத்தியிருந்த கையை விரித்தாள். காலையில் இருந்து பிடித்த பிடியில் கொட்டை உள்ளங்கையில் பள்ளம் போட்டிருந்தது.

“முப்பத்துமூணாவது இது. வாய்க்கட்டு இல்ல மகள். இருமல் கேட்டதுல போடாம வந்துட்டன்.” மற்றக் கையால் கொப்பியை நீட்டினாள். “இதப் படி. இரிந்து படி. வயித்துல கைய வெச்சிக்கிட்டுப் படி.”

அப்ரா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். முதல் பக்கம். தாயின் கோணல் எழுத்து.

நாற்பத்தோராம் நாள். இண்டைக்குக் கிணத்த எட்டிப் பாக்கல்ல.

நாற்பத்திரண்டு. இண்டைக்கும் எட்டிப் பாக்கல்ல.

நாற்பத்துமூன்று. எட்டிப் பாக்கல்ல.

பக்கம் முழுக்க அதுதான். அப்ராவின் விரல் வரி வரியாக இறங்கியது. ஐம்பதாம் நாளில் நின்றது. எட்டிப் பாக்கல்ல. தேசி பூத்திரிக்கு. ஐம்பத்தெட்டு. அப்ரா ரெண்டாந்தரம் சோறு கேட்டா. அறுபத்துமூன்று. முருங்கையில ரெண்டு கிளி. ஒண்டு சரியான சண்டைக்காரி, முஸ்பிறா மதினி மாதிரி.

அப்ராவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். அதற்குப் பிறகு 'எட்டிப் பாக்கல்ல' என்பது எங்குமே இல்லை. எழுத மறந்துபோயிருந்தது. கிளி, மழை, அணில், வாப்பாவின் மழைக்கோட்டில் கூடு கட்டப் பார்த்த குளவி. கடைசியில் இன்றைய ஒரு சொல்.

கொப்பியை மூடாமலே கேட்டாள். “நாப்பத்தொண்டுக்கு முன்ன எட்டிப் பாத்தீங்களா?”

“ஓம்.”

“விழுறதுக்கா?”

“ஓம் மகள். ஒரு நாள். இருபத்தொம்பதாம் நாள் பகல். செசிலி மிஸ்ஸுக்கு மட்டும் சொன்னன். அவ சொல்லித்தான் நடக்கன். அந்தக் கிணத்தச் சுத்திச் சுத்தி நடந்துதான் அந்த நினைப்பே எனக்கு உட்டுப் போன.”

சொல்லி முடித்ததும் ஸுஹைறா மகளின் வயிற்றைத்தான் பார்த்தாள், ஏதோ இப்போதே நடந்துவிடப் போகிறது என்கிற மாதிரி. ஒன்றும் நடக்கவில்லை. பிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது.

அப்ரா மேசையில் கிடந்த பேனையை எடுத்து மூடியைத் திறந்தாள், மூடினாள். “மிஸ் எனக்கிட்டயும் கேட்டா.”

“என்னத்த?”

“அதே கேள்வியத்தான். போன மாசம். நான் 'நல்லா இரிக்கன் மிஸ்' எண்டு சிரிச்சிட்டு வந்துட்டன்.” அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. “ஒபிஸ்ல பத்தேகாலுக்கு எல்லாரும் தேத்தண்ணிக்கு எழும்புவாங்க. நான் பாத்ரூமுக்குள்ள போய் பைப்பத் தொறந்து உட்டுட்டு அழுவன். வாப்பாவ நினைச்சி, போன பிள்ளைய நினைச்சி, இதுவும் போயிருமோ எண்டு நினைச்சி. பத்தரைக்கு மூஞ்சியக் கழுவிட்டு வந்து பைல் பாப்பன். உங்களுக்குச் சொன்னா இத்தாவில தாங்கமாட்டீங்க எண்டு சொல்லல்ல. நானும் ஒரு நாளும் விடாமத்தான் செய்றன் உம்மா.”

ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். முஸ்பிறா சொன்ன வாய்க்கட்டு பொய்யில்லை போலிருக்கிறதே! செய்தவர்கள் யார் என்பதில்தான் பிழை.

மகளின் தலையை இழுத்துத் தன் வெள்ளைச் சேலையோடு அணைத்துக்கொண்டாள். “மிஸ்ஸுக்குப் போன் எடு. இண்டைக்கே எடு. ஆஸ்பத்திரிக்கு நானும் வாறன், நீயும் வா. ஊரு என்னத்தையும் சொல்லட்டும்.”

“திறப்பு மாமிட முந்தானையில இரிக்கு உம்மா.”

“வரட்டும் பாப்பம்.”

அப்ரா கொப்பியைத் தன் பக்கம் திருப்பினாள். 'பூட்டு' என்ற சொல்லுக்குக் கீழே, ஒபிஸ் எழுத்தில், நேராக எழுதினாள்.

இண்டைக்கு உம்மாவக் கண்டன்.

மை காய்வதற்குள் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. அஸருக்கு இன்னும் நேரமிருந்தது. முஸ்பிறாவின் குரல் கேற்றுக்கு வெளியிலேயே தொடங்கிவிட்டது. “கதவத் தொற கா அப்ரா! அவர் சொல்லிட்டார், எல்லாம் சரிதான் நான் சொன்னது!”

ஸுஹைறாவின் கை தன்பாட்டில் கொப்பியைத் தேடிப் போனது, அரிசி வாளிக்குப் பின்னால் தள்ள. அப்ரா அந்தக் கையைப் பிடித்தாள்.

“ஒளிக்காதீங்க உம்மா. மேசைக்கு மேல கிடக்கட்டும்.”

அப்போதுதான், முஸ்பிறாவின் குரலுக்குப் பின்னால், அந்த இருமல் கேட்டது. சிபானாவும் கூட வந்திருந்தாள்.

மதினிக்கு மட்டும் சொல்வதென்றால் ஒரு மாதிரி. மேல்மாடிக்கும் சேர்த்துச் சொல்வதென்றால்? அதைச் சொன்னால் பொழுது சாயும் மக்ரிபுக்குள் கல்முனை பஸ் நிலையம் வரைக்கும் போய்விடும். ஸுஹைறா விரிந்து கிடந்த கொப்பியின் மேல் அந்தப் புளியங்கொட்டையை வைத்தாள். பிறகு நடந்தாள். குசினியில் இருந்து முன் கதவு வரைக்கும், ஒவ்வோர் அடியாக, வாய்விட்டே எண்ணிக்கொண்டு. காலையில் முடியாமல் போன சுற்று அது.

ஓட்டோ திரும்பிப் போகிற சத்தம் அடங்கும்வரை கதவுக்குப் பின்னால் பொறுத்திருந்தாள். பிறகு கொளுக்கியை நீக்கினாள்.

“வாங்க மதினி,” என்றாள். “சிபானா, நீயும் வா. மேலேருந்து பாத்தது போதும். கிட்ட வந்து பாரு.”